ஸ்காட்லாந்து மலைப் பெயர்களைப் படிப்பது எப்படி? கேலிக் தெரிந்தவர்கள் வரவும்

மூடுபனி எழுதியது:

கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து மலை ஏறும் பித்துப் பிடித்துக்கொண்டது. கால்வலிக்குப் பழகிவிட்டேன், மழைக்கும் பழகிவிட்டேன். வரைபடத்துக்குத்தான் இன்னும் பழகவில்லை. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் கிளென்கோ பள்ளத்தாக்குத் தாளை விரித்தால் மேடு, பள்ளம், ஓடை, பாறை என்று எதையும் விடாமல் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டொப், மியௌல், ஸ்கூர், கொரெ என்று சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது மட்டும் புரிகிறது.

உடன் வரும் உள்ளூர் நண்பர், "எல்லாம் பெரிய மலை, சின்ன மலை, கறுப்பு மலைதான்" என்று கையை விரித்துவிட்டார். அந்தக் கணக்கும் உதைக்கிறது. பென் நெவிஸுக்குப் பக்கத்தில் ஊனக் மோர், ஊனக் பெக் என்று இரண்டு மலைகள் இருக்கின்றன. மோர் என்றால் பெரியது, பெக் என்றால் சிறியது. ஆனால் 'பெரியது' 1221 மீட்டர், 'சிறியது' 1234 மீட்டர்! பெயர் வைத்தவர்களுக்குக் கண் தெரியாதா?

பெயரைப் படித்து நிலத்தை அறிய வழி உண்டா, இல்லை, காதுக்கு இனிமை என்று விட்டுவிடலாமா?

இன்வர்னஸ்வாசி எழுதியது:

கண் நன்றாகவே தெரிந்தது, தம்பி. அவர்கள் நின்ற இடம்தான் வேறு. மலையைப் பள்ளத்தாக்கிலிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. கீழிருந்து பார்க்கும்போது 13 மீட்டர் வித்தியாசம் யாருக்குத் தெரியும்? எது அகன்று பருத்துக் கிடக்கிறதோ அது மோர். ஊனக் மோரின் முதுகு நீளமானது, தட்டையானது. உடம்பில் அதுதான் பெரியது.

'மலை' என்பதற்குக் கேலிக்கில் சொற்கள் ஏராளம், ஒவ்வொன்றுக்கும் உருவம் உண்டு. பெய்ன் பொதுச் சொல். ஆங்கிலத்தில் அது பென் ஆகிவிட்டது. ஸ்கூர் என்று கண்டால் கையையும் ஊன்றி ஏற வேண்டிய கூரான பாறையை எதிர்பாருங்கள். மேற்குக் கரையிலும் ஸ்கை தீவிலும் அது அதிகம். ஸ்டொப் என்பது முளை அடித்தது போன்ற முனை. மியௌல் உருண்டைத் திரட்சி, பெரும்பாலும் புல் போர்த்தியது. பனிமூட்டத்தில் வழி தவறினால் எந்தப் பக்கமும் ஒரே மாதிரி இருந்து ஆளைக் குழப்புவது மியௌல்தான். கார்ன் என்பது கற்குவியல்.

பிறகு உடம்பு. ஸ்ட்ரோன் என்றால் மூக்கு. முகட்டிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கிளைச்சரிவுக்கு அந்தப் பெயர். த்ருய்ம் முதுகு, ஃபியக்கல் பல், கீயக் முலை. கிளென்கோ ஊருக்கு மேலே 742 மீட்டரில் நிற்பது ஸ்கோர் ந கீயஹெ. முலைக்குன்று என்றுதான் பொருள். ஆங்கிலத்திலும் அப்படியே சொல்கிறார்கள், யாரும் கூச்சப்படுவதில்லை.

இனி நான் முக்கியமாகக் கருதுவது. உங்கள் கிளென்கோ தாளையே எடுங்கள். ஸ்டொப் கொரெ நன் லொஹன் (1115 மீ) என்றால் குட்டி ஏரிகள் உள்ள கொரெயின் முனை. ஸ்டொப் கொரெ ரன்யக் என்றால் பெரணிச்செடி மண்டிய கொரெயின் முனை. கொரெ என்பது கொப்பரை. மலையின் மார்பில் பனியாறு குடைந்துவிட்டுப் போன கிண்ணப் பள்ளம். ஆக, இந்த உச்சிகளுக்குச் சொந்தப் பெயரே கிடையாது, கீழே உள்ள பள்ளத்தின் பெயரைக் கடன் வாங்கி நிற்கின்றன. வடக்கே ஆன் சாலக் மலைக்குப் போனாலும் இதே கதைதான். அதன் மிக உயர்ந்த முனை 1062 மீட்டர். அதன் பெயருக்குப் பொருள் 'சாம்பல்பச்சைப் பள்ளத்தின் கூர்முனை'. அத்தனை உயரத்தில் இருந்தும் முகவரி பள்ளத்துடையதுதான்.

ஏன்? அந்த மக்களுக்கு உச்சியில் வேலை இல்லை. கோடை வந்தால் பெண்களும் இளவட்டங்களும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேல்புல்வெளிக்குப் போவார்கள். அங்கே கல்லும் புல்தரையும் கொண்டு குடில் போட்டுத் தங்கி, பால் கறந்து வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்வார்கள். அந்தக் குடிலுக்கு ஆரி என்று பெயர். எந்தப் பள்ளத்தில் புல் நல்லது, எந்த ஓடை வற்றாது, எந்தக் கணவாய் வழியாக மாடு போகும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிழைப்பு. எனவே பெயர்களின் அடர்த்தி கொரெயிலும் ஓடையிலும் கணவாயிலும் இருக்கிறது. ஏறுபவர்கள் உச்சியிலிருந்து வரைபடத்தைப் படிக்கிறார்கள், பெயர்களோ கீழிருந்து மேல்நோக்கி எழுதப்பட்டவை. அந்தத் திசையைப் பிடித்துக்கொண்டால் பாதி புதிர் அவிழ்ந்துவிடும்.

ஐயம்தீரான் எழுதியது:

அழகான கதைதான், ஆனால் கொஞ்சம் உப்புச் சேர்த்துக்கொள்வது நல்லது. மலைப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகங்களும் இணையப் பக்கங்களும் பெருகிக் கிடக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே உறுதி. நாட்டிலேயே உயரமான பென் நெவிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 'மேகத்தில் தலை புதைத்த மலை' என்று ஒருவர் சொல்வார், 'நஞ்சுமலை' என்று இன்னொருவர் சொல்வார். நெவிஸ் என்பது அந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றின் பெயரும்கூட. 1345 மீட்டர் உயரமுள்ள மலையின் பெயருக்கே முடிவான பொருள் இல்லை. ஸ்கை தீவின் கூலின் மலைத்தொடருக்கு பழங்கதை வீரன் கூ ஹுலினின் பெயர் என்று கதை சொல்கிறார்கள், வைக்கிங்குகளின் மொழியான நார்ஸ் சொல் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

எல்லாப் பெயரும் மாடு மேய்த்தவர்கள் வைத்ததும் இல்லை. கூலினிலேயே உயரமானது ஸ்கூர் அலஸ்டர், 992 மீட்டர். 1873இல் அலெக்சாண்டர் நிக்கல்சன் என்பவர் முதன்முதலில் ஏறினார், அவர் பெயரே மலைக்கு வந்தது. அலஸ்டர் என்பது அலெக்சாண்டரின் கேலிக் வடிவம். கேட்டால் ஆயிரம் ஆண்டுப் பழமை போலத் தோன்றும்.

வரைபடத்தில் பெயர் ஏறிய விதமும் சரியில்லை. 19ஆம் நூற்றாண்டில் சர்வேக்காரர்கள் பெயர்ப் புத்தகம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் உள்ளூரில் சாட்சி கேட்டு எழுதினார்கள். யார் சாட்சி? பெரும்பாலும் நிலக்கிழார், அவருடைய காரியஸ்தர், பாதிரியார், பள்ளி ஆசிரியர். மேய்ப்பனிடம் கேட்டது குறைவு. எழுதியவர்களில் பலருக்குக் கேலிக்கே தெரியாது.

இன்வர்னஸ்வாசி எழுதியது:

> எல்லாப் பெயரும் மாடு மேய்த்தவர்கள் வைத்ததும் இல்லை.

ஸ்கூர் அலஸ்டர் என் பக்கத்துச் சாட்சி, ஐயா! அந்த மலைத்தொடரின் உச்சகட்டத்துக்கு 1873 வரை எல்லோரும் அறிந்த பெயர் ஏதும் நிலைத்திருக்கவில்லை. கீழே உள்ள கொரெக்களுக்கும் ஓடைகளுக்கும் அதற்கு முன்பே பெயர் இருந்தது. உச்சிக்குப் பெயர் தேவைப்பட்டது ஏறுபவர்கள் வந்த பிறகுதான். நிக்கல்சன் ஸ்கையில் பிறந்தவர், கேலிக் அறிஞர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது ஏறியிருந்தால் 'மவுண்ட்' என்று ஆரம்பிக்கும் ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும்.

1891இல் ஹியூ மன்ரோ 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்குப் பட்டியல் போட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள் இருக்கின்றன. அன்று முதல் எல்லோருடைய கண்ணும் உச்சியில். பட்டியலில் டிக் அடிக்கிறவர்களுக்குப் பள்ளத்தின் பெயர் எதற்கு?

சொல்லேர் எழுதியது:

பொருள் பற்றிய சண்டை இருக்கட்டும். மூடுபனி கேட்டது 'எப்படிப் படிப்பது' என்று. இலக்கணத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் அகராதியைக் கையாள முடியும்.

முதலாவது, முதலெழுத்துத் திரிபு. தமிழில் சொற்கள் புணரும்போது சந்தியில் எழுத்து மாறும், கல்லும் தூணும் சேர்ந்தால் கற்றூண். கேலிக்கில் மாற்றம் வருஞ்சொல்லின் தலையில் நடக்கும். எழுத்தில் அதைக் காட்ட முதல் மெய்க்குப் பின்னால் ஓர் எச் சேர்ப்பார்கள். எம் எழுத்தோடு எச் சேர்ந்தால் ஒலி 'வ', பி (B) எழுத்தோடு சேர்ந்தாலும் 'வ', எஃப் எழுத்தோடு சேர்ந்தால் ஒலியே இல்லை. கிளென் நெவிஸுக்கு மேலே 1099 மீட்டரில் ஒரு மலை இருக்கிறது. அதை 'ஸ்கூர் அ வாய்ம்' என்று சொல்ல வேண்டும். வாய்ம் என்று அகராதியில் தேடினால் கிடைக்காது. எச்சை எடுத்துவிட்டு வேற்றுமை உருபையும் கழற்றினால் 'மாம்' கிடைக்கும். உருண்ட மார்பு போன்ற குன்று. பெய்ன் பெண்பால் சொல் என்பதால் அதன்பின் வரும் மோரும் வோர் ஆகிவிடும். ஆங்கில வரைபடத்தில் அதையே பென் மோர் என்று போட்டுவிடுகிறார்கள். மல் தீவில் ஒன்று, கிரியன்லாரிக்கில் ஒன்று, அசிண்டில் ஒன்று என்று நாடு முழுக்க அந்தப் பெயர் உண்டு.

இரண்டாவது, சில இடங்களில் 'அன்' என்ற சுட்டுச்சொல்லோடு வரும் டி எழுத்து முன்னால் வந்து எஸ்ஸை விழுங்கிவிடும். கெய்ர்ன்கார்ம் மலைகளில் 1291 மீட்டர் உயரத்தில் கெய்ர்ன் டூல் என்று ஒன்றிருக்கிறது. டூல் என்பதை எந்த மொழி அகராதியில் தேடுவது? மூலம் கார்ன் அன் ட்ஸவல். சவல் என்றால் களஞ்சியக் கொட்டகை. டி வந்து எஸ் மறைந்தது, நடுவிலிருந்த 'வ' உயிரோடு கரைந்தது, மிஞ்சியது டவல், அதை ஆங்கிலக் காது டூல் என்று எழுதிக்கொண்டது. கொட்டகை மலை. அங்குள்ள பனிச்சறுக்கு நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொரெ அன் ட்ரெக்கெயும் இதே வழியில் வந்ததுதான். மூலச் சொல் ஸ்னெக், பனி. வரைபடத்தில் எழுத்து ஒன்று, வாயில் ஒலி வேறு. பனிக்காலத்தில் அந்தப் பள்ளத்துக்குப் போகிறவர்கள் பெயரின் பொருளை நினைவில் வைப்பது உடம்புக்கு நல்லது, பனிச்சரிவு அங்கே புதிதல்ல.

மூன்றாவது, இரண்டு மெய் நெருங்கினால் நடுவில் ஓர் உயிர் நுழையும். கோர்ம் என்று எழுதி 'கொரொம்' என்று சொல்வார்கள். செம்மையைக் குறிக்கும் சொல் 'ஜெரக்'. தர்மத்தைத் தருமம் ஆக்கிய நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐயம்தீரான் சொன்ன எச்சரிக்கையை ஏற்கிறேன், ஆனால் அளவோடு. பெய்ன், மோர், டூ (கறுப்பு), கொரெ என்று ஒளிவுமறைவில்லாத சொற்களால் ஆன பெயர்கள்தான் மிகுதி. நெவிஸ் போன்றவை பழையவை, கேலிக் வருவதற்கு முந்தைய மொழியினுடையவையாகவும் இருக்கலாம். அந்தச் சிலவற்றைக் காட்டிப் பலவற்றைச் சந்தேகிப்பது முறையல்ல.

கருங்கல் எழுதியது:

நில அமைப்பியல் படித்தவள் என்ற முறையில் நிறங்களைப் பற்றிச் சொல்கிறேன். வரைபடத்தில் அதிகம் வரும் அடைமொழி நிறம்தான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

கெய்ர்ன்கார்ம் என்பதை ஆங்கிலப் புத்தகங்கள் 'நீலமலை' என்று எழுதுகின்றன. 1245 மீட்டர் உச்சிக்குப் போய்க் காலடியைப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கிரானைட்! ஒரு துண்டைப் புதிதாக உடைத்தால் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் ரோஜா நிறத்தில் மின்னும். மழையில் நனைந்த சரளை செம்மண் தெரு போல இருக்கும். நீலம் எங்கிருந்து வந்தது? ஸ்பே ஆற்றங்கரையிலிருந்து, தொலைவிலிருந்து. தவிர, கொரொம் என்ற சொல் நீலத்துக்கு மட்டுமல்ல, செழித்த புல்லின் பச்சைக்கும் உரியது. திருமாலைப் பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் பாடுகிற நாம் இதற்காக வியக்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மலைத்தொடர் முழுவதற்கும் கேலிக் பெயர் 'அம் மொனக் ரூஅக்', அதாவது செம்பழுப்பு மேட்டுநிலம். பாறையின் நிறத்தை அது அப்படியே சொல்கிறது. ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் உள்ளது 'மொனக் லீய', சாம்பல் மேட்டுநிலம். அங்கே பாறை வேறு. இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்கள் வைத்த ஜோடிப் பெயர்கள். பின்னால் வந்தவர்கள் கெய்ர்ன்கார்ம் என்ற ஒரு மலையின் பெயரைத் தூக்கித் தொடர் முழுவதற்கும் சூட்டிவிட்டார்கள். செம்மலைத்தொடர் நீலமலைத்தொடர் ஆனது இப்படித்தான். எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

சிவப்பிலேயே இரண்டு உண்டு. ஜெரக் பளிச்சென்ற சிவப்பு, ரூஅக் துருவின் நிறம். சாம்பலுக்கும் பச்சைக்கும் நடுவே கிளாஸ், சாம்பலுக்கும் நீலத்துக்கும் நடுவே லீய. புள்ளி விழுந்ததற்கு பிரெஹ்க், வரிவரியாக இருப்பதற்கு ரீயவக். பிரேரியாக் (1296 மீ) என்ற பெரிய மலையின் பெயரில் இருப்பது இந்த ரீயவக்தான். மாட்டின் தோலைப் பார்த்துப் பழகிய கண்கள் என்பது தெரிகிறது.

கொரெ என்ற சொல் கொரி என்று ஆங்கில நிலவியலுக்கே போய்விட்டது. நம் பாடநூல்களில் பிரெஞ்சு வழியாக 'சர்க்' என்று வருவதும் இதையேதான். பனியாறு விட்டுச்சென்ற முட்டைவடிவ மேடுகளை உலகம் முழுவதும் டிரம்லின் என்கிறார்கள். அதுவும் கேலிக்கின் த்ருய்ம், முதுகிலிருந்து வந்தது.

மூடுபனி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கருங்கல் அக்கா, அந்த ஜோடிப் பெயர் விஷயம் எந்த வழிகாட்டிப் பலகையிலும் நான் பார்க்காதது.

இரண்டு கேள்விகள். கிளென்கோவில் 'தொலைந்த பள்ளத்தாக்கு' என்று சுற்றுலாக்காரர்கள் சொல்லும் இடத்துக்கு வரைபடத்தில் கொரெ காவல் என்று இருக்கிறது. அது என்ன? டெவில்ஸ் பாயிண்ட் என்ற மலையின் கேலிக் பெயரைக் கேட்டால் உள்ளூர்க்காரர்கள் ஏன் சிரிக்கிறார்கள்?

இன்வர்னஸ்வாசி எழுதியது:

முதல் கேள்விக்கு நான். காவல் என்றால் பிடித்தல், கைப்பற்றல். தமிழ்க் காவல் அல்ல, ஆனாலும் பொருத்தம்தான்! கிளென்கோவின் மெக்டொனால்டுகள் அக்கம்பக்கத்துக் குலங்களின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து ஒளித்துவைத்த இடம் என்பது மரபு.

இடத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரும். சாலையிலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே ஒரு பள்ளத்தாக்கு இருப்பதே தெரியாது. ஓடையைத் தாண்டி, பிர்ச் மரங்களுக்கு நடுவே நெருக்கடியான இடுக்கில் ஏற வேண்டும். வீடளவு பாறைகள் வழியை அடைத்துக்கிடக்கும். பழைய மலைச்சரிவு ஒன்று கொட்டிய குப்பை அது. அந்தக் குப்பைதான் அணையாக நின்று பின்னால் சரளையை நிரப்பியிருக்கிறது. பாறைகளைத் தாண்டி மேட்டில் நின்றால், எதிரே மைதானம் போலத் தட்டையான தரை, மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர். ஓடையைக் காணோம். மேலிருந்து இறங்கும் நீர் சரளைக்குள் புகுந்து தரைக்கடியிலேயே போய்விடுகிறது. புல் உண்டு, தப்ப வழி இல்லை, வெளியிலிருந்து பார்வைக்கும் படாது. திருட்டு மாட்டுக்கு இதைவிடத் தொழுவம் வேண்டுமா?

'தொலைந்த பள்ளத்தாக்கு' என்ற பெயரில் இது எதுவும் இல்லை. அது தொலையவும் இல்லை, வேண்டியவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

சொல்லேர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான், கொஞ்சம் நாகரிகமாக. டெவில்ஸ் பாயிண்ட், 1004 மீட்டர், கெய்ர்ன்கார்ம் நடுவே. கேலிக்கில் 'பொட் அன் ஜேவின்'. ஜேவின் பேய். பொட் என்பது முனை அல்ல, ஆண்குறி. விக்டோரியா அரசி பெயரின் பொருளைக் கேட்டாராம், உடனிருந்த பணியாளர் ஜான் பிரவுன் நாசூக்காக 'பேயின் முனை' என்று சொல்லிவைத்தாராம். நடந்ததோ இல்லையோ, கதை நிலைத்துவிட்டது, பெயரும் நிலைத்துவிட்டது.

அடுத்தது அதைவிட நயமானது. பேய்க்குச் சரிக்கட்ட, அருகிலிருந்த 1258 மீட்டர் மலைக்கு விக்டோரியா காலத்தவர்கள் 'தேவதைச் சிகரம்' என்று பெயர் சூட்டினார்கள். அதன் உண்மைப் பெயர் 'ஸ்கோர் அன் லொஹன் ஊயன்யெ', பச்சை ஏரியின் கூர்முனை. இன்வர்னஸ்வாசி சொன்ன விதிப்படி, கீழே உள்ள நீரின் பெயரைத்தான் உச்சி வாங்கியிருக்கிறது. ஏரிக்கரையில் நின்று மலையைப் பார்த்த கண் போய், வானத்தைப் பார்த்த கண் வந்துவிட்டது.

பால்மோரல் அரண்மனைக்குப் பக்கத்து லோக்நகரும் அப்படியே. அரசிக்கு மிகப் பிடித்த மலை, 1848இல் ஏறினார். லோக்நகர் என்பது மலைக்கு உரிய பெயரே அல்ல. அடியில் உள்ள குட்டி ஏரியின் பெயர் மேலேறி மலையைப் பிடித்துக்கொண்டது. மலையின் பழைய பெயர் 'பெய்ன் கீயஹன்', முலைகள் உள்ள மலை. அதன் உச்சிமுனையின் பெயர் 'கஹ்க் கார்ன் பெக்'. கஹ்க் என்றால் நேராக மலம்தான். அரசவைக்கு யார் மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பார்கள்! வேறு சொல்லின் சிதைவு என்று காப்பாற்றப் பார்ப்பவர்களும் உண்டு.

ஐயம்தீரான் எழுதியது:

இங்கேயும் பெக் என்பது மோரைவிட உயரம் என்பதைக் கவனித்தீர்களா? கஹ்க் கார்ன் மோர் 1150 மீட்டர், பெக் 1155. இன்வர்னஸ்வாசிக்கு இன்னொரு சாட்சி. எதிர்க்கட்சியிலிருந்து அன்பளிப்பு.

தேயிலைச்சாரல் எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தேன், ஒரு விஷயம் உறுத்தியது. நான் நுவரெலியா மாவட்டத்துக்காரி. எங்கள் மலையகத்தில் இந்தச் சொற்களோடுதான் வளர்ந்தோம். கட்டுகித்துலவில் கிளென்லோக், அப்கொட் பக்கம் ஸ்ட்ராத்ஸ்பே, பூண்டுலோயாவில் டன்சினன். எல்லாம் தேயிலைத் தோட்டங்கள். கிளென் பள்ளத்தாக்கு, லோக் ஏரி, ஸ்ட்ராத் அகன்ற ஆற்றுச் சமவெளி என்று இப்போதுதான் தெரிகிறது. டன் என்பதும் கேலிக்தானா?

இங்கே பெயர் வைத்த துரைமார் பலர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் அங்கிருந்து வந்தவர்தான். ஆனால் நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இங்கே நடந்திருக்கிறது. நிலத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஊரை நினைத்து வைத்த பெயர். ஸ்பே ஆறு இல்லாத இடத்தில் ஸ்ட்ராத்ஸ்பே. கொழுந்து பறித்த எங்கள் ஆட்கள் அந்தப் பெயர்களோடு நிற்கவில்லை. பல தோட்டங்களுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், எங்கள் வாயில் வேறு பெயர். மலைக்கும் கங்குக்கும் ஓடைக்கும் தமிழில் தனிப்பெயர்கள் உண்டு. அவை எந்த வரைபடத்திலும் ஏறவில்லை.

சொல்லேர் எழுதியது:

ஆமாம், தங்கச்சி. டூன் என்றால் கோட்டை, அரணிட்ட குன்று. மூலமான டன்சினன் பெர்த்ஷயரில் இருக்கிறது. சிறு குன்றுதான், உச்சியில் பழங்காலக் கோட்டையின் எச்சம் உண்டு.

நீங்கள் கடைசியில் சொன்னது இங்கேயும் பொருந்தும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிலக்கிழார்கள் ஆட்டுப்பண்ணைக்காகக் குடிகளை வெளியேற்றினார்கள். பெயர் தெரிந்தவர்கள் கப்பலேறிப் போன பிறகுதான் பல பள்ளத்தாக்குகளுக்கு சர்வேக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் ஸ்காட்லாந்தின் வரைபடப் பணி 1843 முதல் 1882 வரை நடந்தது. அதில் ஏறாமல் போன பெயர்கள் எத்தனையோ.

ஐயம்தீரான் எழுதியது:

சரி, அப்படியானால் ஒரு நேர்க்கேள்வி. டெவில்ஸ் பாயிண்ட், ஏஞ்சல்ஸ் பீக், லாஸ்ட் வேலி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கேலிக்கை மட்டும் போட வேண்டும் என்கிறீர்களா? 2011 கணக்கெடுப்பில் கேலிக் பேசுவோர் சுமார் 57,000 பேர். அவர்களிலும் பெரும்பகுதி மேற்குத் தீவுகளிலும் நகரங்களிலும். கெய்ர்ன்கார்ம் பகுதியில் டீ ஆற்றுப் பள்ளத்தாக்கான டீசைடில் பேசிய கேலிக் 20ஆம் நூற்றாண்டிலேயே ஓய்ந்துவிட்டது. மலையில் காலொடிந்து கிடப்பவன் மீட்புக் குழுவுக்குப் போன் செய்தால் 'ஸ்கோர் அன் லொஹன்' என்று தடுமாறுவானா, ஏஞ்சல்ஸ் பீக் என்று சொல்வானா?

கருங்கல் எழுதியது:

காலொடிந்தவன் வரைபடக் கட்ட எண்ணைச் சொல்வான், ஐயா. பெயரை நம்பி மீட்புக் குழு கிளம்பினால் எந்த பென் மோருக்குப் போவது?

அழிக்க வேண்டும் என்று யாரும் இங்கே சொல்லவில்லை. வேல்ஸில் 2022இல் தேசியப் பூங்கா நிர்வாகமே ஸ்னோடன் என்ற ஆங்கில மலைப்பெயருக்குப் பதிலாக வெல்ஷ் மொழியின் 'அர் வித்வா' என்று எழுத முடிவெடுத்தது. மலை இடிந்துவிடவில்லை, பயணிகளும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வரைபடத்தில் கேலிக் ஏற்கெனவே இருக்கிறது. செய்ய வேண்டியது அதை வாசிக்கக் கற்பது மட்டும்.

இன்வர்னஸ்வாசி எழுதியது:

எனக்கு நடைமுறைப் பயன் ஒன்றே போதும். மூட்டத்தில் இறங்க வழி தேடும்போது வரைபடத்தில் பியலக் என்று இருந்தால் அது கணவாய், மாடோ மனிதனோ கடந்த வழி. ஆப்பிள்கிராஸுக்குப் போகும் சாலையே 626 மீட்டரில் பியலக் ந பா, மாடுகளின் கணவாய், வழியாகத்தான் ஏறுகிறது. எஸ் என்று இருந்தால் அருவி, அந்த ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கக்கூடாது. ஃபே என்றால் சதுப்பு ஓடை, முழங்கால் வரை போகும். கிளென்கோ பனிச்சறுக்கு நிலையம் இருக்கும் மலைக்கு மியௌல் அ வூரி என்று பெயர், 1108 மீட்டர். வூரி என்பது உறுமல். இலையுதிர் காலத்தில் கலைமான்கள் இணைக்காக உறுமும் உறுமல். அக்டோபரில் அந்தப் பக்கம் போனால் பொருள் விளக்கமே தேவைப்படாது.

மூடுபனி எழுதியது:

கடைசியாக ஒன்று. ரம் தீவுக்குப் போகத் திட்டம். அங்கே மலைகள் அஸ்கிவல், ஹாலிவல், ட்ரோலவல். இவை கேலிக் மாதிரித் தெரியவில்லையே?

சொல்லேர் எழுதியது:

கேலிக் உடை போட்ட நார்ஸ் பெயர்கள். வைக்கிங்குகள் தீவுகளை ஆண்ட காலத்தவை. 'வல்' என்பது அவர்களுடைய மலைச்சொல் ஃபியால். ட்ரோலவல் என்றால் பூதங்களின் மலை. ரம் மலைகளின் உச்சிச்சரிவில் மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவை வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிறது. இரவில் அது போடும் கூச்சலைக் கேட்டுத்தான் பூதம் என்றார்கள் என்று சொல்வது உண்டு.

நார்ஸ்காரர்கள் நின்ற இடம் கடல். வடமேற்கே சூல்வென் (731 மீ) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 'சூல' நார்ஸில் தூண், 'வென்' நம் பெய்ன்தான், திரிந்த வடிவம். தெற்கிலோ வடக்கிலோ நின்றால் அது நீண்ட முகடு, தூண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மேற்கே லோக்கின்வர் பக்கம், கடலிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தூணாக எழுந்து நிற்கும். படகோட்டிக்கு அதுதான் தெரியும்.

ரம் தீவுக்கு மல்லேக்கிலிருந்து கப்பல். தங்குமிடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஷியர்வாட்டர்கள் செப்டம்பரில் தெற்கே கிளம்பிவிடும்.